நின்றபடி ஓடும் யந்திரம்

மோட்டார் சைக்கிள் வேகமாகப் போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்காகத்தானே அதைச் செய்தார்கள்! போகாமல் நிற்கும்போதும் அணையாமல் இருக்கிறதே, அதுவன்றோ வித்தை! பிரெஞ்சுக்காரர்கள் இந்த நிலையை ‘ரலாந்தி’ என்பார்கள். நம் புதுச்சேரி மெக்கானிக்குகளுக்கு அது ‘ஐடிலிங்’. நேரு வீதியில் ஜவுளிக் கூட்டத்தின் நடுவே வண்டி உயிரை விட, வியர்க்க விறுவிறுக்கக் கிக்கரை உதைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நம்மிடம் இருப்பது ராஜ்தூத் 350. யமஹாவின் அமைப்பைக் கொண்டு எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் 1983-இல் இந்தியாவில் செய்யத் தொடங்கிய 347 ஸி.ஸி. வண்டி. வீட்டில் இதற்குப் ‘பெட்ரோல் பூதம்’ என்று பெயர், மறுப்பதற்கு வழியில்லை. இரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கார்புரேட்டர். சங்கடமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இரட்டை நாயனத்தில் ஒருவர் சீவாளியை வாயில் வைத்துத் தலையை மட்டும் ஆட்டினாலும் கல்யாண வீட்டார் கண்டுபிடிப்பதில்லை. மற்றவர் இரண்டு பங்கு ஊதிச் சமாளித்துவிடுகிறார். இங்கும் அதே கதைதான். ஐடிலிங் குறைந்தால் கைக்கு அகப்பட்ட திருகாணியைத் திருகுகிறார்கள். ஒரு சிலிண்டர் மூச்சுத் திணற உழைக்கிறது. மற்றது சவாரி செய்கிறது.

முத்தியால்பேட்டையில் நம் வண்டிக்கு வைத்தியம் பார்க்கும் பாய் திருகாணியை எடுத்தவுடனே தொடுவதில்லை. யந்திரம் நன்றாகச் சூடேறும்வரை பேசாமல் இருப்பார். பிறகு, “வாத்தியாரையா, கையை நீட்டுங்க” என்பார். இரண்டு புகைக்குழல்களின் பின்னாலும் உள்ளங்கைகளை வைத்தால், எந்தப் பக்கத்து மூச்சு பலவீனம் என்பது குழந்தைக்கும் புரியும். காற்றுத் திருகாணியை மெல்ல முழுதும் உள்ளே செலுத்தி, ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பார். வெளியே வர வரக் காற்று மிகும். அப்புறம் ஐடிலிங் திருகாணியை இருபுறமும் சிறிது சிறிதாக இறக்கி, சுமார் 1,300 சுற்றில் நிறுத்துவார். கடைசியில், ஒரே கேபிளிலிருந்து பிரியும் இரு கிளைகளும் இரண்டு வால்வுகளையும் ஒரே கணத்தில் தூக்குகின்றனவா என்று பார்ப்பார். இந்தக் கடைசிக் காரியத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்று வீட்டார் கேட்கலாம். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால், கைப்பிடியை விட்ட பின்பும் வேகம் இறங்காமல் யந்திரம் கத்தும். கேட்பவர்களுக்கு உற்சாகம்போல் தோன்றும். உண்மையில் அது ஜுரம். எங்கேனும் ‘ஸீல்’ வழியாகக் காற்று கசிந்தாலும் இதே அறிகுறிதான். ஜுரம் முற்றினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின் சக்கரம் சுழலாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், பின்னால் பஸ் வரும்போது அது நேர்ந்தால் என்ன கதி! பின்னிருக்கையில் பெரும்பாலும் நம் புதல்வி அமர்ந்திருக்கிறாள்.

இப்பொழுது இன்னொரு தொந்தரவும் சேர்ந்திருக்கிறது. 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்ட 20 சதவீத எதனால் கலந்த பெட்ரோல், பழைய அளவில் அமைந்த ஜெட்டுகளில் கலவையை நீர்த்துப்போகச் செய்கிறது. எதனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. நம் ஊர்க் கடற்காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை! ஆகையால் பரீட்சைக் காலத்தில் வண்டி ஒரு மாதம் சும்மா நிற்க நேர்ந்தால், கார்புரேட்டர்களை வடித்துவிடுகிறோம். மீண்டும் எடுக்கும்போது பைலட் ஜெட்டின் நுண்ணிய துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடைப்பு இல்லை என்று கண்ட பிறகே பாய் திருப்புளியைக் கையில் எடுக்கிறார்.