வண்டிக்கும் மூச்சு உண்டு



தைப்பிங்கில் வாழ்வோர்க்கு மழையைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. தீபகற்ப மலேசியாவிலேயே மிகுதியாக மழை பெறும் நகரம் இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை இங்குப் பொழிகிறது. இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டிய காலமும் இவ்வூரில் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். நகரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மழை என்றால் குடை, நனைந்த காலணி, அவ்வளவுதான். பழைய இரப்பர்த் தோட்டங்களின் உட்புறத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கோ மழை என்றால் ஓடை.

பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பலவும் ஆளின்றிப் போயின. ஆனாலும், செம்மண் சடக்கைக் கடந்து பள்ளிக்கு வரும் குடும்பங்கள் இன்றும் சில உள்ளன. அப்படிப்பட்ட நான்கு பிள்ளைகளை என் தம்பி தன்னுடைய பழைய ஹைலக்ஸ் பிக்அப்பில் நாள்தோறும் ஏற்றி வருகிறான். வழியில் ஒரு சிறு மதகு. நல்ல மழை பெய்தால் மதகுக்கு மேல் தண்ணீர் ஓடும். சென்ற மழைக்காலத்தில் அவ்வண்டியின் பின்புற அச்சிலிருந்து ஊளையிடுவது போன்ற ஓசை எழுந்தது. எனக்கு எழுத்தும் கணக்கும் தெரியும், வண்டி தெரியாது. ஆகவே, முன்பு என் வகுப்பில் படித்து இன்று சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் வண்டி சென்றது. எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் அவர் போமன்.

அவர் டிஃபரன்ஷியலின் அடிப்புறத் திருகைக் கழற்றினார். முதலில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அதன் பிறகு வந்த எண்ணெய் தே தாரேக் நிறத்தில் இருந்தது. "தண்ணி குடிச்சிருக்கு டீச்சர்" என்றார். மூடிய இரும்புக் கூட்டுக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டேன். "நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். சூடு பட்டா விரியும், குளிர்ந்தா சுருங்கும்" என்று சிரித்தார். அவர் காட்டியவற்றை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்து கொள்வது நல்லது என்பதால் இதனை எழுதுகிறேன்.

நீர் எப்படிப் புகுகிறது?

பிக்அப்பின் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், கியர்பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகிய ஒவ்வொன்றிலும் எண்ணெய் பாதியளவு இருக்கும். மீதி இடத்தில் காற்று இருக்கும். வண்டி ஓட ஓட எண்ணெய் சூடேறும், காற்று விரியும். விரிந்த காற்று வெளியேற வழி இல்லையென்றால் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் கசியும். அதற்காகவே கூட்டின் மேற்புறத்தில் சிறு மூச்சுத்துளை ஒன்றை வைத்திருக்கிறார்கள். பட்டறைகளில் இதனைப் 'பிரீதர்' என்பார்கள். பல வண்டிகளில் இதன் தலையில் சிறிய மூடி இருக்கும். உள்ளிருக்கும் காற்று வெளியே போகும். வெளியிலுள்ள புழுதி எளிதில் உள்ளே வராது.

சூடான அச்சு திடீரெனக் குளிர்ந்த ஓடையில் இறங்கினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளே 80 பாகை செல்சியஸில் இருந்த காற்று 30 பாகைக்குக் குளிர்கிறது என்று கொள்வோம். தனிவெப்பநிலை அளவில் இது 353இலிருந்து 303க்கு இறங்குவதாகும். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும். அக்குறைவு சுமார் 1.4 மீட்டர் உயர நீரை உறிஞ்சி மேலேற்றப் போதுமானது. மூச்சுத்துளை அப்போது நீரில் மூழ்கியிருந்தால் அதன் வழியாகவே தண்ணீர் உள்ளே இழுபடும். மூடி இறுக அடைத்துக்கொண்டாலோ ஆயில் சீலின் ஓரமாகத் தண்ணீர் நுழையும். ஆயில் சீல் உள்ளிருக்கும் எண்ணெய் வெளியே வராமல் காப்பதற்கென்று அமைந்தது; வெளியிலுள்ள நீரை எதிர்ப்பது அதன் முதல் வேலை அன்று.

நீர் கலந்த எண்ணெய் பற்சக்கரங்களைக் காக்காது. பேரிங்குகள் துருப்பிடிக்கும், குழி விழும். வண்டி அன்றே நின்றுவிடாது. சில வாரங்கள் கழித்தே ஊளையிடத் தொடங்கும். என் தம்பியின் வண்டிக்கும் இதுதான் நேர்ந்தது.

குழாயை நீட்டும் முறை

இதற்குத் தீர்வு எளிது. மூச்சுத்துளையை நீருக்கு மேலே கொண்டு போய்விட வேண்டும். இது புதிய சிந்தனையும் அன்று. 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய நேசநாட்டு வண்டிகளுக்கு நீர்புகாப் பூச்சிட்டு, காற்றுக் குழாய்களை உயர்த்தியே கடலில் இறக்கினார்கள். நம் நாட்டில் 1997 முதல் மழைக்காலத்தில் நடந்துவரும் மழைக்காட்டுச் சவால் போட்டிக்குச் செல்வோரும் இவ்வேலையை முதலில் முடித்துக் கொள்வார்கள். போமன் தம்பி செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன்:

1. மூச்சுத்துளையைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் கழுவித் துடைத்தார். இல்லாவிட்டால் மூடியைக் கழற்றும்போது மண் உள்ளே விழுந்துவிடும்.

2. பழைய மூடியைக் கழற்றி, அதே மரையில் பொருந்தும் குழாய்முனையைப் பொருத்தினார்.

3. 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள எரிபொருள் ரப்பர்க் குழாயைச் செருகிக் கிளிப்பால் இறுக்கினார். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் சாதாரணக் குழாய் சூட்டையும் எண்ணெயையும் தாங்காது.

4. குழாயைச் சட்டத்தின் ஓரமாக முன்பக்கம் வரை கொண்டு சென்று கேபிள் டையால் கட்டினார். புகைபோக்கிக்கும் சுழலும் தண்டுக்கும் அருகே அது போகக்கூடாது. நசுங்கும் அளவுக்குக் கட்டை இறுக்கவும் கூடாது.

5. பின் அச்சு மேலும் கீழும் ஆடும். ஆகவே, அவ்விடத்தில் குழாயைத் தளர்வாக விட்டார். மற்ற இடங்களில் தொய்வு இல்லாமல் பார்த்துக் கொண்டார். தொய்ந்த இடத்தில் நீர் தேங்கினால் மூச்சு அடைபடும்.

6. குழாயின் மறுமுனையை எஞ்சின் அறையின் மேற்பகுதியில் கீழ்நோக்கி வளைத்து, சிறிய எரிபொருள் வடிகட்டி ஒன்றை மாட்டினார். புழுதியும் குளவியும் உள்ளே போகாமல் இருக்க இது உதவும்.

முன் டிஃபரன்ஷியல், கியர்பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் குழாய்களையும் ஆராய்ந்தார். சில வண்டிகளில் இவை தொழிற்சாலையிலேயே உயரமாக அமைந்திருக்கும். இறுதியாகக் கெட்டுப்போன பேரிங்கையும் சீலையும் மாற்றிப் புதிய எண்ணெய் ஊற்றினார்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்களே, இதனை மூன்று பிளாஸ்டிக் போத்தல்களைக் கொண்டு வகுப்பில் காட்டலாம். மூன்றிலும் சூடான நீரை ஊற்றிச் சிறிது நேரம் வைத்துக் கொட்டிவிடுங்கள். கொதிநீர் வேண்டாம், போத்தல் உருகி வளைந்துவிடும். சூடான நீரை ஆசிரியரே கையாள வேண்டும். முதல் போத்தலை உடனே இறுக மூடிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள், அது நெளியும். இரண்டாவதை மூடாமல் தலைகீழாகக் கவிழ்த்து, வாயை நீருக்குள் வைத்துக் குளிர்நீரை மேலே ஊற்றுங்கள். தண்ணீர் போத்தலுக்குள் ஏறும். மூன்றாவதன் மூடியில் துளையிட்டு, உறிஞ்சுகுழலைச் செருகி, களிமண்ணால் அடைத்து, குழல்முனை நீருக்கு மேலே இருக்கும்படி அமிழ்த்துங்கள். போத்தல் நெளியாது, நீரும் புகாது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் நான் இதனைச் செய்து காட்டினேன். மதகைக் கடந்து வரும் மாணவன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன், "டீச்சர், மூணாவது போத்தல்தான் எங்க வண்டி" என்றான். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

குழாய் காப்பாற்றாதது எது?

வேலை முடிந்ததும் தம்பி, "இனிமே பயமில்ல அக்கா, எவ்வளவு தண்ணி வந்தாலும் போயிடலாம்" என்றான். நான் பேசுவதற்கு முன் போமன் தம்பி குறுக்கிட்டார். "அண்ணே, இந்தக் குழாய் டிஃபரன்ஷியலுக்குத்தான். உள்ள உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு இல்ல."

பெற்றோர்களே, இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இவ்வார்த்தையை மறவாதீர்கள். நீட்டிய குழாய் எண்ணெயைக் காக்கும். எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் வழியாகத் தண்ணீர் நுழைவதை அது தடுக்காது. நீரை அமுக்க முடியாது என்பதால் எஞ்சினின் உள்ளுறுப்பு வளைந்து போகும். ஃபோர்ட் ரேஞ்சருக்கு 800 மில்லிமீட்டர், அண்மைய ஹைலக்ஸ் வகைகளுக்கு 700 மில்லிமீட்டர் என்று தயாரிப்பாளர்கள் ஆழ அளவு குறித்திருக்கிறார்கள். அவ்வளவு கூட மெதுவாகக் கடக்கும் அமைதியான நீருக்கே பொருந்தும். ஓடும் நீர் வேறு. 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள வெள்ளம் சிறிய மகிழுந்தை நகர்த்திவிடும்; 60 சென்டிமீட்டர் இருந்தால் பிக்அப்பையே அடித்துச் செல்லக்கூடும். நீருக்கடியில் சடக்கு இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் மேலிருந்து தெரியாது.

2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூர் தாமான் ஸ்ரீ மூடாவிலும் வெள்ளம் வந்தபோது நாற்சக்கர இயக்க வண்டி வைத்திருந்தோர் பலர் உணவும் உடையும் ஏற்றிக்கொண்டு உதவிக்கு ஓடினார்கள். அவர்கள் தொண்டு போற்றத்தக்கது. அதே 2021 வெள்ளம் நாட்டில் 50க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அன்று பட்டறையிலேயே ஒரு முடிவு செய்தோம். மதகின் ஓரத்தில் உள்ள கம்பத்தில் தம்பி சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இட்டான். தண்ணீர் அக்கோட்டைத் தொட்டால் பிள்ளைகள் அன்று பள்ளிக்கு வரமாட்டார்கள். காலையில் எனக்கு ஓர் அழைப்பு வரும். மறுநாள் விட்ட பாடத்தை நான் சொல்லித் தருவேன். இம்மழைக்காலத்தில் இரண்டு முறை தண்ணீர் கோட்டைத் தொட்டது. இரண்டு முறையும் வண்டி திரும்பிவிட்டது.

இங்கே ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. முழு வருகைக்குப் பரிசு கொடுக்கிறோம். நல்ல நோக்கம்தான். ஆனால், கோடு நனைந்த முதல் நாளில், பரிசு போய்விடுமே என்று ஒரு சிறுமி வண்டிக்குள்ளேயே அழுதாளாம். அவள் அழுகையைக் கண்டு மனமிரங்கும் ஒரு தந்தை மதகில் வண்டியை இறக்கினால், அப்பரிசுக்கு என்ன பொருள்? வெள்ளத்தால் வரமுடியாத நாளை வருகைப் பரிசின் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். இதனைப் பெற்றோர்களுக்கு மழைக்காலம் தொடங்கும் முன்பே தெரிவித்தும் விடுங்கள். எங்கள் பள்ளிக் கூட்டத்தில் இதை முன்வைத்திருக்கிறேன். உங்கள் பள்ளியிலும் எடுத்துச் சொல்லுங்கள்.

குழாய்க்குச் செலவான பணம் ஒரு பேரிங்கின் விலையைக் கூட எட்டவில்லை. சிவப்புச் சாயத்திற்கு ஆன செலவு அதைவிடக் குறைவு. இரண்டையும் செய்யுங்கள். ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால், முதலில் கோட்டைப் போடுங்கள்.