கொடி மறைத்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில யாத்திரை நூல்களைப் புரட்டுவோர் ஒரு காட்சியை அடிக்கடி சந்திப்பர். கூரையிழந்த பெருங்கோயில் ஒன்று. வானை நோக்கி உயர்ந்த வளைவுகள். தூண்களைத் தழுவி ஏறும் ஐவி என்னும் படர்கொடி. தகட்டிற் செதுக்கி அச்சிட்ட அப்படத்தின் அடியில் ‘ரின்ரேண் மடம்’ என்று பெயர் காணப்படும்.

இம்மடம் வேல்ஸ் நாட்டின் எல்லையில், வை என்னும் ஆற்றங்கரையிலே உள்ளது. 1131ஆம் ஆண்டில் சிஸ்ரேசியன் சபைத் துறவியருக்காக நிறுவப்பட்டது. சாயம் தோயாத கம்பளியாடை தரித்து, செபமும் உழைப்புமாக வாழ்ந்தோர் அவர்கள். இன்று எஞ்சியுள்ள பெருங்கோயிலின் திருப்பணி 1269இல் தொடங்கிற்று. 1536இல், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், மடம் மூடப்பட்டது. கூரையிலிருந்த ஈயத் தகடுகள் கழற்றப்பட்டன. கூரை போனபின் மழைக்கும் பனிக்கும் தடையேது? காலம் செய்த அழிவென்று நாம் கருதுவதைத் தொடக்கிவைத்தது மனிதன் கையே.

கவனிப்பாரற்றுக் கிடந்த இவ்விடத்திற்கு உல்லாசப் பிரயாணிகளை ஈர்த்தவர்களுள் வில்லியம் கில்பின் என்னும் பாதிரியார் முக்கியமானவர். 1770இல் ஆற்றுவழியே படகிற் சென்ற அவர், 1782இல் தம் பயண நூலை வெளியிட்டார். 1790களில் ரேணர் என்னும் ஓவியர் தம் இளமைப் பருவத்தில் வந்து இம்மடத்தை வரைந்தார். அக்காலச் செப்புத் தகடுகள் அச்சில் விரைவாகத் தேய்ந்தன. 1820களிற் பரவிய உருக்குத் தகடோ ஆயிரக்கணக்கான பிரதிகளுக்கு ஈடுகொடுத்தது. ஆகவே, செல்வர் மாளிகைக்குரியதாயிருந்த காட்சி நடுத்தரக் குடும்பத்தாரின் மேசைக்கும் வந்துசேர்ந்தது.

அச்செதுக்குப் படங்களின் நுட்பம் வியக்கத்தக்கது. இலை இலையாகக் கொடியும், கல் கல்லாகச் சுவரும் தெளிவாகத் தோன்றும். ஆயினும் கில்பின் தம் நூலில் வேறொன்றையும் சொல்லியிருக்கின்றார். இடிபாடுகளுக்கிடையே குடிசையமைத்து வறியோர் பலர் வாழ்ந்தனர், வருவோரிடம் இரந்தனர். துறவியரின் நூலகத்தைக் காட்டுவதாகச் சொல்லி, இரண்டு கோல்களை ஊன்றித் தள்ளாடியவாறு ஒரு பெண் அவரை அழைத்துச் சென்றாள். அங்கே நூலகமும் இல்லை, நூல்களும் இல்லை. ஈரம் வழியும் இரு சுவர்களுக்கிடையே அவள் குடியிருந்த மண்தரைப் பொந்தே இருந்தது. மடத்திலிருந்து அரை மைல் தொலைவிற்குள் பெரிய இரும்பு வேலைத்தலங்கள் இயங்கின என்பதையும் அவர் குறித்துள்ளார்.

யான் பார்த்த படங்களுள் ஒன்றிலேனும் அப்பெண் இல்லை. உலைப் புகையும் இல்லை. நிலவும் கொடியும் நிறைய உண்டு. அழகைத் தேடிய கண் அழகை மட்டுமே செதுக்கிற்று. அதனைப் பொய்யென்று தள்ளல் தகாது. முழுமையென்று கொள்ளலும் தகாது.

1901இல் இவ்விடத்தை அரசு விலைக்கு வாங்கிற்று. பின்னர் நடந்த பழுதுபார்ப்பின்போது கொடிகள் களையப்பட்டன. பழைய படத்தை மனத்திற்கொண்டு இன்று செல்வோர் பசுமையைத் தேடி ஏமாறக்கூடும். ஆனால், அன்று இலைகள் மூடியிருந்த சிற்ப வேலையை அவர்கள் கண்ணாரக் காணலாம்.

கொடி நீங்கியதும் கல் வெளிப்பட்டது. கோலூன்றிய பெண்ணைக் காண வேண்டுமாயின், படத்தை மூடிவைத்துவிட்டுக் கில்பினின் நூலையே திறத்தல் வேண்டும். மாணவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்களாக.