உறவுமுறையும் மொழிபெயர்ப்பும்

நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968-ல் வெளிவந்தது. நான்கு வருஷங்களில், 1972-ல், க.நா.சு. அதை 'தி ஜெனரேஷன்ஸ்' என்று ஆங்கிலமாக்கிவிட்டார். தமிழ் நாவல் ஒன்று இத்தனை சீக்கிரம் மொழி தாண்டுவது அபூர்வம். ஆனால் உத்திரமேரூரில் உட்கார்ந்து அதைப் படித்த எனக்கு, ஆங்கிலத்துக்கு முன்பே ஒரு மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. மலையாளம் ஊறிய இரணியல் செட்டிமார் வீட்டுப் பேச்சு, தொண்டை மண்டலத்துக் காதுக்கு வேற்றுத் தமிழ்.

சோதனை என்றால் காலவரிசையைக் குலைப்பது, அத்தியாயங்களைக் கலைத்துப் போடுவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். 'தலைமுறைக'ளில் சோதனை மொழியில் இருக்கிறது. சிறுவன் திரவியின் பிரக்ஞை எதுவோ அதுவே நாவலின் பாஷை.

அடுத்த வருஷம், 1969-ல், ஸெர்பிய மொழியில் போரா சோஸிச்சின் 'உலகப் புரட்சியில் என் குடும்பத்தின் பங்கு' வந்தது. அங்கும் ஒரு சிறுவன், ஒரு வீடு. யுத்தமும் புரட்சியும் பெல்கிரேடின் அந்த வீட்டுப் பேச்சுக்குள் புகுந்து கேலியாகிவிடுகின்றன. 1997-ல் வெளியான ஆங்கிலத்தின் வழியாகத்தான் அது எனக்குக் கிடைத்தது. ஸெர்பிய மொழியில் அப்பாவின் சகோதரன் 'ஸ்த்ரித்ஸ்', அம்மாவின் சகோதரன் 'உயாக்'. நமக்குச் சித்தப்பா வேறு, மாமன் வேறு என்பது போல. நடுவில் நிற்கிற ஆங்கிலத்தில் இருவரும் 'அங்கிள்'. இரு கரையிலும் இருப்பது பாலத்தில் இல்லை.

இது சின்ன விஷயமல்ல. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை (919, 921) குடவோலைக்காகவே எல்லோரும் புகழ்கிறார்கள். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினர்களும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள். அவர்களைச் சபை ஒவ்வொரு முறையாக அடுக்குகிறது: தாயின் சகோதரி மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன். 'உறவினர்' என்ற ஒரு சொல் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. யார் யாருக்குப் பொறுப்பு என்பது அந்த முறையில்தான் இருக்கிறது.

நாகம்மையின் துக்கமும் அங்கேதான் இருக்கிறது. பெண்மை இல்லாதவள் என்ற பழியோடு புருஷன் வீட்டிலிருந்து அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். உடன்பிறந்த திரவி அவளுக்கு வேறொரு வாழ்வு தேட முனைகிறான். எங்கள் வீட்டிலும் அப்படித் திரும்பி வந்த ஓர் அத்தை இருந்தாள். சில அத்தியாயங்களை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பல சொற்கள் எனக்கே புரியாதவை. அவள் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்கவில்லை.

"தாய்மாமன்காரன் எவனும் போய்க் கேக்கலியா?" என்றாள்.

இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் விளக்கலாம், கேட்க முடியாது. அம்மாவின் சகோதரன் என்று விரித்துச் சொன்னதும் அதிலிருக்கிற கோபம் வடிந்துவிடும். அத்தைக்கும் அந்தக் காலத்தில் எவனும் போய்க் கேட்கவில்லை.

க.நா.சு.வுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர் செய்யாவிட்டால் திரவி இரணியலைத் தாண்டியிருக்க மாட்டான். ஆனால் இனி மொழிபெயர்க்க வருபவர்கள் மாமனை மாமன் என்றே விட்டுவைக்கலாம். ஆங்கில வாசகன் சற்றுத் தடுமாறுவான். தடுமாறட்டும். இரணியல் பேச்சில் நானும் தடுமாறித்தான் உள்ளே போனேன். பெல்கிரேடில் ஒருவன் அதைப் படித்தால், அந்த மாமனில் தன் 'உயாக்'கை அடையாளம் கண்டுகொள்வான்.