அழுக்குப் பண்ணத் தெரியுமா?

எங்கள் ஊர் திருப்பூர். இங்கே பனியனில் கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தால் போதும், அந்தப் பீஸ் அவ்வளவுதான்! கப்பலேற வேண்டியது, காதர்பேட்டை கடைகளில் குவியலோடு குவியலாகக் கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில், புதுத் துணியை வேண்டுமென்றே அழுக்காக்கும் பொறுப்பு பி.காம். படித்த என் தலையில் விழுந்தது.

காரணம், அக்கா மகன். கோவையில் இன்ஜினீயரிங் படிக்கிறான். சென்னை காமிக் கானுக்கு வேஷம் கட்டிக்கொண்டு போக வேண்டுமாம். (2024 பிப்ரவரியில்தான் அந்தத் திருவிழா முதன்முதலாகச் சென்னைக்கு வந்தது.) வேஷம், போபா ஃபெட். 1980-ல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் தலையைக் காட்டி, முகத்தைக் காட்டாமலே பேர் வாங்கிய கூலி வீரன்!

"கவசத்தை ஃபோம் ஷீட்டுல நானே வெட்டிக்கறேன் மாமா. துணி வேலை மட்டும் நீங்க. நீங்கதான் திருப்பூராச்சே!"

கடலூரில் இருப்பவனெல்லாம் கப்பல் ஓட்டுவானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முக்கியம்.

சாம்பல் நிறத்தில் ஓவரால், கவசத் தகடுகளை ஒட்ட ஒரு கையில்லாத கோட்டு, இடுப்புக்கு அகலமான அரக்குப் பட்டை, நாலு பைகள், தோளுக்குக் கந்தல் துணி. தெருமுனை டெய்லர் தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் அச்சு அசல்... பெட்ரோல் பங்க் ஊழியர்!

"புதுசா இருக்கு மாமா!" என்றான், ஏதோ துணி கிழிந்துவிட்ட மாதிரி.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அதற்கு முன்பெல்லாம் விண்வெளிப் படம் என்றால் இஸ்திரி கலையாத பளபளா உடைதான். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸ், அங்கேயும் பொருள்கள் அடிபட்டுப் பழசாகத்தானே இருக்கும் என்று நினைத்தார். உடை அமைத்த ஜான் மோலோ, ராணுவச் சீருடைகளில் கரைகண்டவர். ஆஸ்கார் வாங்கினார். பார்த்தீர்களா, அழுக்குக்கும் மரியாதை இருக்கிறது!

ஆரம்பித்தேன். கஞ்சி போக இரண்டு முறை அலசி, டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்தேன். காட்டன் துணி சமர்த்தாக நிறம் மாறியது. தையல் நூலோ பாலியஸ்டர். டீயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய துணியில் புதுத் தையல் பல்லை இளித்தது. திட்டுத் திட்டாக டீ ஊற்றினேன். சாம்பார் கொட்டின மாதிரி ஆயிற்று.

அம்மா வந்தாள். பனியன் கம்பெனியில் 22 வருஷம் செக்கிங்.

"கறையா கண்ணு? கொண்டா, எடுத்துடறேன்."

"எடுக்கறதில்லைம்மா... வைக்கணும்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். துணியை மடியில் போட்டுத் தடவினாள். "ஒருக்கா பெட்டியில நாலு பீஸ் கறையோட போயிருச்சு. ஒரு வாரக் கூலியப் புடிச்சுட்டாங்க. உனக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டற மாசம். தோட்டை வெச்சுத்தான் கட்டினேன்."

பதினைந்து வருஷமாக எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் டீ வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மாவே பேசினாள். "அழுக்கு கண்ட இடத்துல வராது சாமி. இவன் என்ன சோலி பாக்கறான்? துப்பாக்கியா? அப்பச் சோத்தாங்கைத் தோள்ல தேயும். பை ஒரசற தொடையில வெளுக்கும். முட்டி, முழங்கை, கால் ஓரம்... இதெல்லாம் எனக்கா தெரியாது?"

உப்புத்தாளை வாங்கி அந்த அந்த இடத்தில் மட்டும் தேய்த்தாள். சினிமாக்காரர்களும் பயன்படுத்தும் முல்தானி மட்டியைத் தையலோரம் விரலால் அழுத்தினாள். பல்லை இளித்த நூல் வாயை மூடிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் அந்த உடைக்குப் பத்து வயசு கூடிவிட்டது!

காமிக் கானிலிருந்து பையன் போன் பண்ணினான். "எல்லாரும் யார் பண்ணினதுன்னு கேக்கறாங்க மாமா! எங்க அம்மிச்சின்னேன்... நம்ப மாட்டேங்கறாங்க!"

அவன் அனுப்பிய போட்டோவை அம்மா செல்போனில் விரலால் பெரிதாக்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். அதே பழைய செக்கிங் பார்வை.

"எடது முட்டியில விட்டுப்போச்சு கண்ணு."

"கறையா? எடுக்கணுமா?"

"இல்ல," என்றாள் அம்மா. "வைக்கணும்!"