நாலு வருஷ ப்ரொஜெக்ட், ஒரே ஒரு பைக்

எங்க வீட்டு போர்ட்டிகோவுல நாலு வருஷமா ஒரு ப்ரொஜெக்ட் ஓடிட்டு இருக்கு. ரிவ்யூ கிடையாது, வைவா கிடையாது, கைடு கையெழுத்தும் தேவையில்லை. 2010 மாடல் யமஹா ஆர்15, அதாவது வி1. சித்தப்பா ஆசைப்பட்டு வாங்கினது. அவர் வேலைக்கு வெளிநாடு போனதும் கவர் போட்டு மூலையில நின்னுச்சு. நான் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தப்போ, "நீயே வச்சுக்கோடா, ஆனா பத்திரம்"னு சாவியைக் கொடுத்தார்.

அன்னைக்கு ராத்திரியே லிஸ்ட் ரெடி. பின்னாடி தடியா 130 டயர், வி2-வோட தூக்கின டெயில், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சைலன்சர், நீல கலர். இன்னைக்கு அந்த லிஸ்ட்ல ஒண்ணுகூட வண்டியில இல்லை. ஆனா என்னைக் கேட்டா, எங்க காலேஜ் பார்க்கிங்லயே நல்லா கஸ்டமைஸ் பண்ண வண்டி அதுதான்னு தைரியமா சொல்வேன். ஏன்னு விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் வருஷம் முழுக்க மாடிஃபிகேஷனே இல்லை. நின்ன வண்டியைப் பழைய நிலைமைக்குக் கொண்டு வர்றதே பெரிய வேலை. ஃபோர்க் ஆயில் சீல், கோன் செட், செயின், ஸ்ப்ராக்கெட், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாத்தினோம். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதோட கொதிநிலை குறையும். அப்போ தொடர்ந்து பிரேக் பிடிச்சா சூட்டுல ஆவியாகி, லீவர் வெறும் காத்தைப் பிடிச்ச மாதிரி உள்ளே போகும். இதெல்லாம் ரீல்ஸ்ல வராது. புதுசா மாத்தின கோன் செட்டை யாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறதில்லை. ஆனா அதுக்கப்புறம்தான் வண்டி நேரா போச்சு.

ரெண்டாவது வருஷம் டயர் ஆசை வந்துச்சு. வி1-க்கு கம்பெனி கொடுத்த பின் டயர் 100/80-17. வி2-க்கு 130/70-17. தாம்பரத்துல இருந்து ட்ரெயின் பிடிச்சு எழும்பூர்ல இறங்கி, புதுப்பேட்டைக்கு நடந்து போற வழியில நானும் என் ஃப்ரெண்டும் போன்லயே கணக்குப் போட்டோம். முதல் டயரோட விட்டம் சுமார் 592 எம்.எம். ரெண்டாவது 614. கிட்டத்தட்ட 3.7 சதவீதம் பெரிசு. சக்கரம் பெரிசானா ஒரு சுத்துக்கு வண்டி அதிக தூரம் போகும், அதனால இழுவை குறையும். 17 குதிரைசக்தி இன்ஜின்ல இந்த வித்தியாசம் கைக்கே தெரியும்.

சரி, கம்பெனி 2011-ல வி2-க்கு இதே டயரைப் போட்டப்போ என்ன பண்ணுச்சுன்னு தேடினோம். வி1-ல ஸ்ப்ராக்கெட் முன்னாடி 14 பல், பின்னாடி 42, அதாவது ரேஷியோ 3. வி2-ல 15, 47, அதாவது 3.13. டயரால போன இழுவையை ஸ்ப்ராக்கெட்ல திரும்ப எடுத்திருக்காங்க! அதோட ரிம் அகலம், ஸ்விங்ஆர்ம் நீளம் ரெண்டும் மாறியிருக்கு. வீல்பேஸ் 1290-ல இருந்து 1345 எம்.எம். ஆயிருக்கு. ஒரு டயருக்காக வண்டியோட பின்பக்கத்தையே மறுபடி டிசைன் பண்ணியிருக்காங்க. பழைய ஒல்லி ரிம்ல அகல டயரைத் திணிச்சா ஓரங்கள் உள்ளே இழுபட்டு, டயரோட வளைவே மாறிடும். வளைவுல சாய்க்கும்போது ரோட்டைத் தொடுற பரப்பு டயர் கம்பெனி நினைச்ச மாதிரி இருக்காது. புதுப்பேட்டையில அன்னைக்கு ஒரு டீ குடிச்சிட்டு, ஒரு பிரேக் லீவர் மட்டும் வாங்கிட்டுத் திரும்பினோம்.

அதுல இருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த பார்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடியும், 'இது எந்தக் கேள்விக்குப் பதிலா இங்க வந்து உட்கார்ந்திருக்கு?'ன்னு கேட்பேன். சைலன்சரை எடுத்துக்கோங்க. ஆர்15 ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. எந்த ஆர்.பி.எம்-ல எவ்வளவு பெட்ரோல்னு ஈ.சி.யூ-வுல இருக்கிற மேப், கம்பெனி சைலன்சரை வச்சு எழுதினது. சைலன்சரை மட்டும் மாத்தினா காத்துப் போக்கு மாறும், மேப் மாறாது. சத்தம் கூடும், வேகம் கூடணும்னு அவசியமில்லை. 80-ல இருந்து 175 சிசி வரைக்குமான டூ வீலருக்கு சத்த வரம்பு 77 டெசிபல். பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு. ரெண்டையும் சேர்த்து யோசிச்சா லிஸ்ட்ல இன்னொரு வரி அடிபட்டுச்சு.

பெயின்ட் மூணாவது வருஷம், ஒரு செமஸ்டர் லீவு முழுக்க. ஃபேரிங்ல மூணு இடத்துல விரிசல். உள்பக்கம் திருப்பிப் பார்த்தா 'ஏபிஎஸ்'னு அச்சு இருந்துச்சு. ஏபிஎஸ் அசிட்டோன்ல கரையும். அதே ப்ளாஸ்டிக்ல உடைஞ்ச துண்டுகளை அசிட்டோன்ல ஊறப்போட்டா பேஸ்ட் மாதிரி ஆகும். அதை விரிசல்ல தடவிக் காயவிட்டா, ஒட்டு மாதிரி இல்லாம அதே ப்ளாஸ்டிக்காவே சேர்ந்துக்கும். அப்புறம் 320, 600, 1000னு எமரி ஷீட், தண்ணி, கை வலி. கலர் ஆர்.சி-யில பதிவாகியிருக்கு, மாத்தினா ஆர்.டி.ஓ-வுல சொல்லி மாத்தணும். அதனால பழைய சிவப்பே. கடைசி க்ளியர் கோட்டை மட்டும் ஒரு பெயின்டர் அண்ணாகிட்ட கொடுத்தேன். 2கே க்ளியர்ல ஐசோசயனேட் இருக்கு. நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க் அதுக்கு ஆகாது.

மிச்சம் இருந்தது டெயில். உண்மையில அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐட்டம். வி2 டெயில் போட்டா வண்டி பின்னாடி இருந்து பார்க்க அம்சமா இருக்கும். ஆனா அது ஸ்ப்ளிட் சீட். பின் சீட்டு உயரத்துல, ஒரு உள்ளங்கை அகலத்துல. என் பின் சீட்டுல உட்கார்றது யார்? அம்மா. தினமும் காலையில 6.40-க்கு ஸ்டேஷன்ல விடணும். புடவை, ஹேண்ட்பேக், சாப்பாட்டுப் பை, கூடவே முழங்கால் வலி.

"அந்த சீட்டு போட்டா நான் ஷேர் ஆட்டோவுல போய்க்கறேன்டா, உனக்குப் பிடிச்ச மாதிரி பண்ணிக்கோ"ன்னாங்க. கோபமா சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னாங்க. ரெண்டு நாள் அதையே யோசிச்சேன். டெயில் ஐடியாவை விட்டுட்டேன். யமஹாவே 2015-ல வி2-வுக்கு ஒரே சீட்டு போட்டு ஆர்15 எஸ்-னு ஒரு மாடல் விட்டாங்க. அப்போ பின்னாடி உட்கார்றவங்களைப் பத்தி யோசிச்சது நான் மட்டும் இல்லை.

அதுக்குப் பதிலா சீட்டைக் கழட்டி, குஷன் தைக்கிற கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அம்மாவை ஸ்டாண்ட் போட்ட வண்டியில உட்கார வச்சு அளவெடுத்து, பின்பக்கம் கெட்டியான ஃபோம் வச்சு, சரிவைக் குறைச்சுத் தைச்சோம். கைப்பிடியைத் துருவெடுத்துப் பெயின்ட் அடிச்சேன். எல்லாரும் முதல்ல கழட்டிப் போடுற சேலை கார்டு என் வண்டியில பளபளன்னு இருக்கு. அது அழகுக்கு வச்சது இல்லை. பின்னாடி உட்கார்றவங்க துணி சக்கரத்துல சிக்காம இருக்க, பின் சக்கரத்துல பாதியாவது மூடியிருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதியே இருக்கு. அந்த விதியை எழுதினவருக்கும் எங்க அம்மா மாதிரி ஒருத்தங்க ஞாபகத்துல இருந்திருப்பாங்க போல.

சட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்ட விவரத்துல இருந்து ஆர்.சி மாறுபடுற அளவுக்கு வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்னு இருக்கு. கண்ணாடி கழட்டி, ரியர்செட் மாட்டிப் பறக்கணும்னா அதுக்கு இருங்காட்டுக்கோட்டை ட்ராக் இருக்கு.

வீட்டுல ஒரு வண்டி வச்சுட்டு ஆரம்பிக்கப் போறவங்களுக்கு நான் சொல்றது மூணு விஷயம். முதல்ல சர்வீஸ் மேனுவல் படிங்க, அப்புறம் ஸ்பேனர் எடுங்க. கழட்டின ஒவ்வொரு போல்ட்டையும் பேர் எழுதின கவர்ல போடுங்க. ஒரிஜினல் பார்ட் எதையும் விக்காதீங்க, திரும்ப மாட்ட முடியணும்.

அப்புறம், அந்த வண்டியில யார் யார் ஏறப்போறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. கஸ்டமைஸ்னா ஒரு ஆளுக்குன்னு அளவெடுத்துச் செய்யறது. என் வண்டிக்கு ரெண்டு ஆள்.

ஜூலையில வேலைக்கு வேற ஊர் போறேன். வண்டி இங்கேயேதான் இருக்கும். அதனால அம்மா இப்போ கியர் வண்டி கத்துக்கறாங்க. சீட்டு உயரம் கொஞ்சம் குறைக்கணும்னு சொல்லியிருக்காங்க. அளவெடுத்தாச்சு.