மிதக்கும் இல்லம்

நிலத்தில் வீடு கட்டி வாழ்வோர் பலர். நீரையே நிலமாகக் கொண்டு வாழ்வோர் சிலர். தூத்துக்குடித் தோணிக்காரர் இவ்விரண்டாம் வகையினர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற மரத்தோணியே, பயணம் முடியுமளவும் அவர்களுக்கு அடுக்களையும் படுக்கையும் ஆயிற்று.

பழைய துறைமுகத்தில் அவர்தம் பணியை நான் பலமுறை நின்று கண்டதுண்டு. பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் கலந்த குழம்பைப் பூசுவர். இதனைக் 'கலப்பற்று' என்பர். நீரில் ஊறிய பலகை பருக்கும், திரி இறுகும், இடுக்கு அடைபடும். கிழிந்த பாயைத் தைப்பதும், இற்ற கயிற்றைப் பிணைப்பதும் அன்றாடக் கடமைகள். 'தண்டல்' எனப்படும் தோணித் தலைவரும் உளியெடுத்து அமர்வதுண்டு. பிற்காலத்தில் தோணிக்குப் பொறி வந்தது. பழுது பார்க்கும் வேலை குறையவில்லை.

நம் கூரை ஒழுகினால் கீழே ஒரு பாத்திரத்தை வைத்து, நாளை கொத்தனாரை அழைக்கலாம். நடுக்கடலில் நாளை என்பதே இல்லை. விரல் நுழையா இடுக்கில் புகும் நீர் முதலில் சரக்கை நனைக்கும். பின்னர் உயிரையும் வாங்கும்.

மாணவர்களே, உங்கள் புத்தகத்தின் தையல் நெகிழ்ந்தால் அன்றே தைத்துவிடுங்கள். தாள் உதிர்ந்தபின் ஊசி நூலால் பயன் என்ன?