பரணில் கிடக்கும் காலணா கார்டுகள்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் என்றேனும் பயணம் செய்திருப்பீர்கள். காட்டுபாவா பள்ளிவாசலையும் திருமயம் கோட்டையையும் கடந்து, மாவட்ட எல்லையைத் தாண்டினால் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து இறங்கிய தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குகள், கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள் ஆகியவற்றின் இடையே ஏதேனும் ஒரு தகரப் பெட்டியில் பழைய அஞ்சலட்டைகளும் கிடப்பதுண்டு. தூணுக்கு விலை பேச வந்தவர்கள் அப்பெட்டியை ஏறெடுத்தும் பாரார். நீங்கள் சற்றே அமர்ந்து புரட்டிப் பாருங்கள். எழுந்திருக்க மனம் வராது.

உலகின் முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியில் வெளியாயிற்று. நம் நாட்டிற்கு அது வந்தது 1879 ஜூலை 1 அன்று, விலை காலணா. 1922-இல் அரையணாவாக உயர்ந்த பின்னும் முதியோர் நாவில் 'காலணா கார்டு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. படம் அச்சிட்ட அட்டைகள் 1890-களின் இறுதியில் பரவின. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், இரங்கூனில் கிளியர், அகுஜா, சிங்கப்பூரில் லாம்பர்ட் எனப் பல நிறுவனத்தார் அவற்றை வெளியிட்டனர். அச்சு வேலை பெரும்பாலும் ஜெர்மனியில் நடந்தது. கறுப்பு வெள்ளைப் படத்திற்கு அங்கிருந்தபடியே வண்ணம் சேர்த்தார்கள். ஆகவே, அட்டையிலுள்ள மனிதரின் கைலி உண்மையிலேயே அந்த நிறம்தானா என்று என்னைக் கேட்காதீர்கள்!

இவ்வட்டைகள் புதுக்கோட்டைச் சீமைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் ஆகிய கடலோர ஊர்களின் சபுராளிகள் பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் பாடுபட்டவர்கள். இராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்களின் நகரத்தாரும் அதே துறைமுகங்களில் கொண்டு விற்றவர்கள். கடன் கொடுத்து வாங்கியவர்கள். 'ரஜூலா' கப்பலில் ஆள் வரச் சில ஆண்டுகள் ஆகும். அட்டையோ சில வாரங்களில் வந்துவிடும்.

அட்டையைக் கையிலெடுத்தால் எல்லோரும் படத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் முகவரியைப் பார்க்கச் சொல்வேன். 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் 1948 மார்ச் 3-க்கு முற்பட்டது. அன்றுதான் தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது. அதன்பின் 'திருச்சி ஜில்லா' என்று எழுதலாயினர். 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டம் உருவான பிறகே இன்றைய முகவரி வழக்கிற்கு வந்தது. கடலோர ஊர்களின் கதை வேறு. சமஸ்தானத்திற்குக் கடற்கரையே கிடையாது. அறந்தாங்கிப் பகுதி 1974 வரை தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே கோட்டைப்பட்டினத்துப் பழைய அட்டையில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்றே காண்பீர்கள். ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிற்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: புதுக்கோட்டை நகரின் எண் 622 என்று தொடங்க, அறந்தாங்கியின் எண் பட்டுக்கோட்டையைப் போல் 614 என்றே தொடங்குகிறது. மாவட்டம் மாறி ஐம்பதாண்டு கடந்தும் தபால் இலாகா பழைய உறவை முறித்துக்கொள்ளவில்லை.

திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களைப் போலப் புதுக்கோட்டை தனக்கெனத் தனித் தபால்தலை வெளியிட்டதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் அட்டையே இங்கும் புழங்கியது. 1937 ஏப்ரல் 1 வரை பர்மாவும் இந்தியாவின் பகுதியாகவே ஆளப்பட்டதால், இரங்கூனிலிருந்து வந்த அட்டையிலும் அதே இந்தியத் தபால்தலைதான் இருக்கும். கடல் கடந்து வந்தது என்பதற்கு அஞ்சல் முத்திரை ஒன்றே சாட்சி.

படமும் காலம் சொல்லும். சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசல் பொற்குவிமாடங்களுடன் தோன்றினால், அது 1932-இல் கட்டி முடிக்கப்பட்ட இன்றைய கட்டடம். அடுக்குக் கூரையோடு காணப்பட்டால், அது முந்தைய பள்ளி. ஆனால் கடைக்காரர் பழைய இருப்பைப் பல ஆண்டுகள் விற்றிருக்கலாம். எனவே படத்தை மட்டும் நம்பித் தேதி குறித்துவிடாதீர்கள்.

1941-ஆம் ஆண்டு முத்திரையுள்ள அட்டை கிடைத்தால் சற்று நிதானித்துப் படியுங்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தது. தபால் போக்குவரத்து அறுந்தது. 'அனைவரும் சுகம், பெருநாளைக்குப் பணம் அனுப்புகிறேன்' என்பது போன்ற எளிய நான்கு வரிகளை வைத்துக்கொண்டே மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்த வீடுகள் எத்தனை! அதன்பின் எந்தச் செய்தியும் வராத வீடுகளும் உண்டு.

பழைய அட்டைகள் பலவற்றின் நடுவே ஓர் ஓட்டை இருக்கும். சுவரில் தொங்கிய கம்பியில் குத்தி வைத்ததன் அடையாளம் அது. கடைக்காரர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார். நானோ அதை ஒரு குடும்பம் பேணி வைத்ததற்கான சான்றாகக் கொள்கிறேன். மவுத்துச் செய்தி வந்த அட்டைகள் மட்டும் அரிதாகவே அகப்படும். படித்தவுடன் கிழித்துவிடுவது பல வீடுகளின் வழக்கம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்திற்கு வருகிறேன். தலைப்பில் 786 இட்டு அரபுத்தமிழில் எழுதிய அட்டைகள் இருந்தன. தமிழெழுத்து அறியாத தாய்மார்களும் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டு அவற்றைப் படித்தார்கள், மறுமொழியும் எழுதினார்கள். வழியில் யாரும் படித்துவிடக்கூடிய திறந்த அட்டையில் கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச அவ்வெழுத்து ஒரு திரையாகவும் உதவியிருக்க வேண்டும். இன்றைய பேரப்பிள்ளைகளுக்கோ அது புரியாத அரபு. காலில் மிதிபடலாகாதே என்ற பேணுதலால் மண்ணில் புதைக்கிறார்கள், கடலில் விடுகிறார்கள். எண்ணம் மேலானது. ஆயினும் அதிலிருப்பது வேதவசனமன்று. கடன் கணக்கும், பிள்ளையின் சுன்னத்துச் செய்தியும், ஒரு பெண்ணின் நெடுநாள் ஏக்கமும்தான்.

படம் உள்ளவற்றுக்கு இன்று உலகெங்கும் கிராக்கி. 2018-இல் இலண்டனில் சென்னை, பெங்களூர் பட அட்டைகளின் கண்காட்சி நடந்தது; அதே ஆண்டில் ஒமர் கான் என்பவரின் பெரிய நூலும் வெளிவந்தது. படமில்லாத, வெறும் கையெழுத்து மட்டுமுள்ள அட்டைகள்தான் எடைக்குப் போகின்றன. ஒரே வீட்டின் கட்டு பிரிக்கப்பட்டு, பினாங்குப் படம் ஓரிடமும் அதற்கு முந்தைய மாதத்துக் காலணா கார்டு வேறிடமுமாகச் சிதறுவதுதான் பெரிய இழப்பு.

ஆதலால், வீட்டைப் புதுப்பிக்குமுன் பரணிலுள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். தபால்தலையைத் தண்ணீரில் நனைத்துப் பிரிக்காதீர்கள், ஒட்டுநாடா வேண்டாம், லாமினேஷன் அறவே கூடாது. கட்டிலிருந்த வரிசை கலையாமல் பென்சிலால் எண்ணிட்டு, இருபுறமும் படமெடுத்துக்கொண்டு, பூச்சியும் ஈரமும் அணுகாத இடத்தில் வையுங்கள். அரபுத்தமிழ் அட்டைகளை உங்கள் தெருவில் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த மூத்த பெண்மணியிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் வாசிக்க வாசிக்க, பக்கத்திலமர்ந்து தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்மணிகளுக்கு இப்போதே எண்பது வயதாகிறது.